சூலாவில் ஒரு நாள்: கம்பத்துத் திராட்சை விவசாயியின் பார்வையில்

நாசிக்கில் உள்ள சூலா ஒயின் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாடியிலிருந்து தெரியும் மாலை வெயிலையும் கையில் பிடித்த கோப்பையையும் படம் எடுத்துப் போட்டு முடித்துவிடுகிறார்கள். நான் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடுகிறவன். அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குப் பந்தல்தான் பிழைப்பு. அதனால் என் கண் போன இடங்கள் வேறு. திராட்சை வைத்திருப்பவர்களும், பிள்ளைகள் குடும்பத்தில் யாருமே கேள்விப்படாத வேலைக்குப் போகிறேன் என்று நிற்கும்போது தூக்கம் கெடும் பெற்றோரும் படிக்கட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் நாசிக்குப் போனது மகளுக்காக. மதுரையில் நுண்ணுயிரியல் படித்தாள். அடுத்து மருந்துக் கம்பெனி, இல்லாவிட்டால் ஏதாவது மருத்துவமனையின் ஆய்வகம் என்றுதான் வீட்டில் பேச்சு. அவள் புனே அருகே மாஞ்சரியில் இருக்கும் வசந்த்தாதா சர்க்கரை ஆராய்ச்சி நிறுவனத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தாள். அங்கே ஒயின் தொழில்நுட்பத்துக்கென்று முதுநிலைப் படிப்பு இருக்கிறது. படித்து முடித்ததும் நாசிக் மாவட்டத்திலேயே ஓர் ஒயின் ஆலையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. அந்த ஆலை சூலா அல்ல என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த விமர்சனத்தில் எனக்கு வேண்டியவர் என்று யாரும் இல்லை.

ஊரில் கேட்ட கேள்விகள் கொஞ்சமல்ல. “மாப்பிள்ளை, பெண் பிள்ளையைச் சாராயக் கம்பெனிக்கா அனுப்பியிருக்கிறீர்கள்?” என்று மாமா ஒருவர் ஒரு கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டார். பதில் சொல்ல எனக்கு விவரம் போதவில்லை. அதை மகளிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. “அறுவடை நேரத்தில் வந்து பாருங்கள் அப்பா. வாயால் சொன்னால் உங்களுக்குப் புரியாது. கொடியைக் காட்டினால் புரியும்” என்றாள். அறுவடைக் காலத்தில் அவள் வேலை செய்யும் ஆலைக்குள் வெளியாட்களை விடுவதில்லை. பொதுமக்கள் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு சூலாவில் இருப்பதால், பிப்ரவரியில் அவளுக்கு விடுப்புக் கிடைத்த ஒரு வார நாளில் அங்கே போனோம்.

இடம் நாசிக் நகரத்துக்கு மேற்கே, கங்காபூர் – சாவர்காவ் சாலையில் இருக்கிறது. பக்கத்திலேயே கோதாவரியின் குறுக்கே கட்டிய கங்காபூர் அணையின் நீர்ப்பரப்பு. மீசை வைத்த சூரியன்தான் இவர்களுடைய சின்னம். வாசலிலிருந்து பாட்டில் வரை அந்த முகம்தான். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் ருசி பார்க்கும் அறைக்குப் படியேறுகிறார்கள். நான் கொடிப் பக்கம் போனேன். சுற்று தொடங்க நேரம் இருந்தது.

நம் ஊரில் கல்தூண் நட்டு, தலைக்கு மேலே கம்பி இழுத்து, அதில் கொடியைப் படரவிடுகிறோம். பந்தலுக்குக் கீழே நின்றால் நிழல். குலைகள் தலைக்கு மேல் தொங்கும். இங்கே ஒயினுக்கான கொடிகளை வரிசை வரிசையாக, செங்குத்தான கம்பிகளில் வேலி போல் நிறுத்தியிருக்கிறார்கள். குலைகள் இடுப்பு உயரத்தில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் காற்று புகுந்து வெளியே வருகிறது. அடிச்சாம்பல் நோய்க்கும் சாம்பல் நோய்க்கும் மருந்தடித்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவனுக்கு அந்தக் காற்றோட்டத்தைப் பார்த்ததும் நின்று யோசிக்கத் தோன்றும். பழத்தைத் தொட்டுப் பார்த்தேன். சிறியது, தோல் தடிப்பு, உள்ளே விதை. சந்தைக்குக் கொண்டுபோனால் நம் வியாபாரி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். ஆனால் நிறம், மணம், துவர்ப்பு எல்லாம் தோலில்தான் இருக்கிறது, பழம் சிறுத்தால் சாற்றுக்குத் தோல் அதிகம் கிடைக்கும் என்று மகள் விளக்கினாள். பழத்தைப் பெருக்க வைக்க நாம் ஜிப்ரலிக் அமிலத்தில் முக்கி எடுக்கிறோம். இவர்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடும் வேலை, அந்த விவரத்தையும் கேட்டுக்கொண்டேன். மகாராஷ்டிரத்தில் ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து. முதலாவது காய் தாங்கும் புதுக் குச்சிகள் வளர்வதற்கு, இரண்டாவது காய்ப்புக்கு. ஆண்டுக்கு ஒரே மகசூல். கம்பத்தில் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டே இருக்கும்; அதுதான் நம் பன்னீர் திராட்சையின் பெருமை, 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கும் அது ஒரு காரணம். நாசிக்கில் பழம் முற்றுவது குளிர்ந்த, மழையில்லாத மாதங்களில். பகலில் வெயில், இரவில் நல்ல குளிர். அந்தக் குளிரில்தான் பழத்தின் புளிப்பு கரைந்துபோகாமல் நிற்கிறது. புளிப்பு இல்லாவிட்டால் ஒயின் வெறும் இனிப்புத் தண்ணீராகச் சப்பிட்டுவிடும் என்பது மகள் சொன்ன முதல் பாடம்.

சுற்றைக் காட்டிய இளைஞர் ராஜீவ் சாமந்தின் கதையிலிருந்து தொடங்கினார். மும்பைக்காரர், ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்து, கலிஃபோர்னியாவில் ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1990-களின் முற்பகுதியில் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். இங்கே குடும்பத்துக்குச் சுமார் 20 ஏக்கர் நிலம் இருந்தது. மாம்பழம், ரோஜா, தேக்கு என்று முயன்று பார்த்து, பிறகு சாப்பாட்டுத் திராட்சைக்கு வந்திருக்கிறார். 1997-இல் சாவிஞோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க் என்ற இரண்டு வெள்ளை ஒயின் ரகங்களை நட்டார். கலிஃபோர்னியாவின் சொனோமாவில் ஒயின் செய்துகொண்டிருந்த கெர்ரி டாம்ஸ்கி துணைக்கு வந்தார். முதல் ஒயின் விற்பனைக்கு வந்தது 2000-இல். தாயார் சுலபாவின் பெயரிலிருந்து எடுத்ததுதான் சூலா. 2022 டிசம்பரில் நிறுவனம் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது.

கூட்டத்தில் இருந்தவர்கள் அமெரிக்க வேலையை உதறிய இடத்தில் “அடேயப்பா” என்றார்கள். எனக்கு நெஞ்சில் பட்டது வேறு இடம். 1997-இல் கொடி, 2000-இல் பாட்டில். நடுவே பணம் போய்க்கொண்டே இருக்கும். வருவது ஒன்றும் இருக்காது. அதற்குள் உரிமம் வாங்க வேண்டும். மகாராஷ்டிர அரசு ஒயின் தொழிலுக்கென்று திராட்சைப் பதப்படுத்தும் கொள்கையைக் கொண்டுவந்தது 2001-இல்தான். இவர் அதற்கு முன்பே கொடி நடக் குழி தோண்டிவிட்டார். முன்னால் யாருமே இல்லை என்றும் சொல்ல முடியாது. புனே பக்கம் நாராயண்காவில் இண்டாஜ் நிறுவனமும், பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலையடிவாரத்தில் குரோவர் நிறுவனமும் அதற்கு முன்பே ஒயின் செய்தவை. ஆனால் மேசைத் திராட்சைக்குப் பேர் போன ஊரில், அக்கம்பக்கத்து விவசாயிகள் எல்லோரும் விதையில்லாத தாம்சன் ரகத்தை வைத்துக் காசு பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், சாப்பிட லாயக்கில்லாத ரகத்தை நட ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலின் விலை கொடியை நட்டு வளர்த்தவனுக்குத்தான் தெரியும். சுற்றில் இந்தப் பகுதிக்கு இன்னும் நேரம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

அடுத்து அறவை நடக்கும் முற்றம். அதிகாலையில் கையால் வெட்டிய பழம் கூடைகளில் வந்து இறங்குகிறது. வெயில் ஏறினால் பழம் சூடாகி, ஆலைக்கு வரும் முன்னே கெடத் தொடங்கிவிடும். காம்பை நீக்கும் இயந்திரம், அதன் பிறகு பிழியும் இயந்திரம். வெள்ளை ஒயினுக்குப் பிழிந்து, சாற்றை மட்டும் குளிர்ந்த தொட்டியில் விடுகிறார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோல், விதை எல்லாவற்றோடும் சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். எஃகுத் தொட்டிகள் வரிசையாக, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். ஒவ்வொன்றுக்கும் குளிர்நீர் உறை சுற்றியிருக்கிறது. வெள்ளையை 15 டிகிரியை ஒட்டி மெதுவாக நொதிக்க வைக்கிறார்கள். சூடு கூடினால் மணம் ஆவியாகிப் போய்விடும். சிவப்புக்கு அதைவிட அதிகச் சூடு வேண்டும், அப்போதுதான் தோலிலிருந்து நிறம் இறங்கும். நொதிக்கும்போது எழும் கரியமில வாயு தோலையெல்லாம் மேலே தள்ளி ஆடை போல் கட்டிவிடுமாம். அதை நாள்தோறும் உள்ளே அமுக்கிக் கலக்க வேண்டும். விட்டால் மேலே காய்ந்து காடியாகத் திரும்பிவிடும்.

இந்த இடத்தில்தான் என் மகளின் வேலை எனக்கு விளங்கியது. அறுவடைக்கு முன்பே தோட்டம் தோட்டமாகப் போய், கையடக்கக் கருவியில் ஒரு சொட்டுச் சாறு விட்டுச் சர்க்கரையைப் பார்க்கிறாள். சாற்றில் உள்ள சர்க்கரையின் அளவைச் சொல்லும் பிரிக்ஸ் 22, 24 என்று ஏறும்வரை காத்திருக்கிறார்கள். சர்க்கரை ஏற ஏறப் புளிப்பு இறங்கும். இரண்டும் ஒத்துவரும் நாளைப் பிடிக்க வேண்டும். ஆலைக்குப் பழம் வந்த பிறகு ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் தினமும் மாதிரி எடுத்து, சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் ஈஸ்ட் ஒழுங்காக வேலை செய்கிறதா, பட்டினி கிடக்கிறதா, வேண்டாத கிருமி எதுவும் நுழைந்துவிட்டதா என்று பார்க்கிறாள். ஈஸ்ட் என்பது உயிர். அதற்குத் தீனி வேண்டும், அளவான சூடு வேண்டும். ஒரு தொட்டி பாதியில் நின்றுபோனால் ஒரு தோட்டத்தின் ஓர் ஆண்டு உழைப்பு நின்றுபோனது போலத்தான். “ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்திருக்கிறேன் அப்பா” என்றாள். மழை மேகத்தைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் பந்தலுக்கு ஓடிய என் ராத்திரிகள் நினைவுக்கு வந்தன. அவள் விரல் நகங்களின் ஓரத்தில் ஊதா நிறம் ஏறியிருந்தது. சோப்புப் போட்டாலும் போகாதாம்.

பீப்பாய் அறை குளிர்ச்சியாக, அரையிருட்டாக இருந்தது. ஓக் மரப் பீப்பாய்கள், ஒவ்வொன்றும் 225 லிட்டர் அளவு. எல்லா ஒயினும் இங்கே வருவதில்லை. சிவப்பில் உயர்ந்த ரகங்கள்தான் அதிகம். மரம் தன் மணத்தைக் கொடுக்கிறது. மரத்தின் நுண்துளை வழியே காற்று துளித்துளியாகப் புகுந்து துவர்ப்பை மென்மையாக்குகிறது. இதற்கு மேல் இங்கே பார்க்க ஒன்றும் இல்லை. பலர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ருசி பார்க்கும் அறை. கட்டணத்துக்குள் சில வகைகளைச் சிறிது சிறிதாக ஊற்றித் தருகிறார்கள். கோப்பையைத் தண்டில் பிடிக்க வேண்டும், நிறம் பார்க்க வேண்டும், சுழற்றி முகர வேண்டும், பிறகுதான் வாயில் வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். குடிக்கப் பிடிக்காவிட்டால் துப்புவதற்குத் தனிப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒயின் செய்கிறவர்களே வேலை நேரத்தில் துப்பித்தான் பார்ப்பார்களாம். நான் குடிப்பழக்கம் இல்லாதவன். மகள் செய்யும் தொழிலின் பலனை அறியாமல் திரும்ப மனமில்லாததால் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன், மற்றதைத் துப்பினேன்.

சாவிஞோன் பிளாங்க்: மூக்கில் வைத்ததுமே பச்சைக் குடைமிளகாயைக் கிள்ளிய மணம். மகள் சிரித்தாள். இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்து வேதிப்பொருள் என்றாள். ஷெனின் பிளாங்க்: கொய்யாவும் அன்னாசியும். இனிப்பு லேசாக இருப்பதால் முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு இதுவே தோது. ஷிராஸ் என்ற சிவப்பில்தான் நான் அசந்துபோனேன். மிளகு. ஐயத்துக்கு இடமில்லாத மிளகு. குமுளி மலைப்பாதையில் மிளகு காயும் களத்தைத் தாண்டிப் போகிறவனுக்கு அந்த வாடை எங்கே வந்தாலும் தெரியும். ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இருக்கிறது என்று மகள் சொன்னாள். யாரும் மிளகைச் சேர்ப்பதில்லை, கொடியே செய்கிறது. இத்தனை ஆண்டுகள் திராட்சையோடு இருந்தும் ஒரு பழத்துக்குள் இவ்வளவு அடங்கியிருக்கும் என்று எனக்குச் சொல்லித் தர யாரும் இருக்கவில்லை. சொல்லித் தந்தவள் நான் தோளில் தூக்கிப் பந்தலைக் காட்டிய பிள்ளை. இனிப்பு குறைந்த, நுரைக்கும் புரூட் ஒயினின் புளிப்பு என் நாக்குக்குக் கூடுதல். தாமதமாகப் பறித்த ஷெனின் பிளாங்க் தேன் போல் இனித்தது. சாப்பாட்டுக்குப் பின் இரண்டு வாய்க்கு மேல் போகாது.

ஒரு விவசாயியாக நான் துருவிக் கேட்டது பழம் வரும் வழியைத்தான். சொந்தத் தோட்டத்துப் பழம் போதாமல், சுற்று வட்டார விவசாயிகளோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டு வாங்குகிறார்கள். எந்த ரகம் நட வேண்டும், எப்போது வெட்ட வேண்டும் என்று ஆலை ஆட்கள் வந்து சொல்கிறார்கள். எடை குறைவாக வரும், தரம்தான் கணக்கு. விலை முன்கூட்டியே பேசியது. இங்கே நமக்கு எப்படி? காலையில் வியாபாரி சொல்வது ஒன்று, பெட்டி ஏற்றும்போது சொல்வது ஒன்று. கேரளத்தில் மழை என்றால் கம்பத்தில் விலை சரியும். ஒப்பந்த முறையில் விவசாயி ஓர் ஆலையை நம்பியே நிற்க வேண்டிவரும் என்பதும் உண்மைதான். ஒயின் கொடியைப் பிடுங்கிவிட்டு ஒரே ஆண்டில் வேறு ரகத்துக்கு மாற முடியாது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தால், விலை தெரிந்து கவாத்துக் கத்தியை எடுக்கிறவனின் மனநிம்மதியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் பன்னீர் திராட்சையில் ஒயின் செய்தால் என்ன என்று சுற்றைக் காட்டியவரிடம் கேட்டேன். அவர் மகளைக் கைகாட்டிவிட்டார், அவளும் இதே தொழில் என்று அதற்குள் தெரிந்துபோயிருந்தது. பன்னீர் என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க். சீனாவில் அதில் ஒயினும் செய்கிறார்கள். மணம் தாராளம். ஆனால் பழம் பெரிது, தோலில் நிறமும் துவர்ப்பும் குறைவு. நம் பந்தலில் சுமையை ஏற்றி மகசூல் எடுப்பதால் சர்க்கரையும் போதுமான அளவுக்கு ஏறுவதில்லை. கெட்டியான சிவப்பு ஒயினுக்கு ஒத்துவராது. குலைகளைக் குறைத்து, முற்ற விட்டு வெட்டினால் இளஞ்சிவப்பு நிறத்தில், மணமுள்ள இனிப்பு ஒயினுக்கு வழி இருக்கிறது என்றாள். ஆனைமலையன்பட்டியில் நமக்கென்று திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தக் கேள்வியோடு அங்கே போக வேண்டும் என்று இருக்கிறேன். பாதி ஏக்கரில் வேர்ச்செடியில் (ஒட்டுக்குக் கீழே வேர்ப்பகுதியாக நிற்கும் வேறு ரகத்தில்) ஒட்டுக்கட்டிய கொடியைச் செங்குத்துக் கம்பியில் ஏற்றிப் பார்க்கவும் எண்ணம். ஒயின் ஆகாவிட்டாலும் நோய் குறைகிறதா என்றாவது தெரியும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மதுரையிலிருந்து மும்பை ரயிலில் போய்க் கல்யாணில் இறங்கினால், நாசிக் ரோடு நிலையத்துக்கு வண்டிகள் நிறைய. கொடியில் பழம் பார்க்க வேண்டுமானால் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை. அப்போதுதான் பெரிய தொட்டியில் பழத்தைப் போட்டுக் காலால் மிதிக்கும் விளையாட்டும் உண்டு. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். எனக்கு விளைந்த பழத்தை மிதிக்க மனம் வரவில்லை. மழைக்காலத்தில் போனால் பச்சை இருக்கும், பழம் இருக்காது. சனி, ஞாயிறுகளில் மும்பைக் கூட்டம் முழுக்க அங்கேதான். வார நாளில் காலைச் சுற்றுக்குப் போனால் கேள்வி கேட்க இடம் கிடைக்கும். மகாராஷ்டிரத்தில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு ஒயின் ஊற்ற மாட்டார்கள். ஜனவரி 26, அக்டோபர் 2 போன்ற மதுவிலக்கு நாள்களில் யாருக்கும் கிடையாது. வண்டி ஓட்டுகிறவர் ருசி பார்க்கும் மேசையைத் தவிர்த்துவிட வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே குறையில்லை.

திராட்சை விவசாயிகள் கூட்டாகப் போவதாக இருந்தால், அப்படியே புனே போய் மாஞ்சரியில் இருக்கும் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையத்தையும் பார்த்துவிடுங்கள். வேர்ச்செடி வகைகளை அங்கே கண்ணால் பார்க்கலாம்; நாசிக்கில் டாக்ரிட்ஜ், 110 ஆர் என்று வேர்ச்செடிகளின் பெயரைச் சொல்லிப் பேசுவது அப்போதுதான் பிடிபடும். நுண்ணுயிரியலோ வேளாண்மையோ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். மாமாவுக்குச் சொல்ல இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அடுத்த பிப்ரவரிக்கு அவருக்கும் சேர்த்தே டிக்கெட் போடப்போகிறேன், அவரும் இருபது ஆண்டுகளாகப் பந்தல் வைத்திருப்பவர்தான்.